வீட்டு டிடிஎச் பெட்டியை கேரவன் பயணத்துக்கு எடுத்துப் போகலாமா? டிஷ் திருப்பும் கணக்கு முதல் பேட்டரி வரை

லடாக்கில் லே நகரத்துக்கு வெளியே வண்டியை நிறுத்தியிருக்கிறீர்கள். இன்னும் அரை மணி நேரத்தில் இந்தியா ஆடும் மேட்ச். வீட்டிலிருந்து கழற்றி எடுத்து வந்த டிடிஎச் பெட்டி, டிஷ், ரிமோட் எல்லாம் தயார். ரீசார்ஜும் நேற்றுதான் செய்தீர்கள். ஊரில் டிஷ் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு இருந்ததோ, அதே தென்கிழக்குப் பக்கம், அதே சாய்வில் வைத்தாயிற்று. டிவியைப் போட்டால் திரையில் ஒரே வாசகம்தான்: ‘சிக்னல் இல்லை’.

பெட்டி கெட்டுப்போய்விட்டதா? நிறுவனம் இணைப்பைத் துண்டித்துவிட்டதா? இரண்டும் இல்லை. பெட்டி அதேதான், செயற்கைக்கோளும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நகர்ந்தது நீங்கள்தான்.

கேரவன் என்றாலே சினிமா ஷூட்டிங் ஞாபகம் வந்த காலம் மாறிவருகிறது. கேரளா 2021-ல் ‘கேரவன் கேரளா’ திட்டத்தை அறிவித்து, 2022-ல் வாகமனில் முதல் கேரவன் பூங்காவைத் திறந்தது. மகாராஷ்டிராவும் 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்று தனிக் கொள்கை கொண்டுவந்தது. வேனை வீடாக மாற்றிக்கொண்டு மாதக்கணக்கில் நாடு சுற்றுபவர்களும் இருக்கிறார்கள். அப்படிக் கிளம்பும்போது வரும் கேள்விதான் இது: ‘வீட்டுல சும்மா கிடக்கற டிடிஎச் பெட்டியைக் கையோட எடுத்துட்டுப் போனா என்ன?’

சுருக்கமான பதில்: தொழில்நுட்ப ரீதியாக முடியும். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் டிஷ்ஷைப் புதிதாகத் திருப்பி வைக்கத் தெரிந்திருக்க வேண்டும். ஒப்பந்த விதிகளையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும். விரிவான பதில் இதோ.

லேயில் தமிழ் சேனல் வருமா?

வரும். இந்தியப் பயணிகளுக்கு இது ஒரு பெரிய சாதகம்.

அமெரிக்காவில் இழுவை வண்டிகளில் சுற்றுபவர்கள் வீட்டு டிஷ்ஷை எடுத்துப்போவது பழைய வழக்கம். அங்கே ஒரு சிக்கல் உண்டு. உள்ளூர் சேனல்களைச் செயற்கைக்கோள் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்துக்கு மட்டும் குவித்து அனுப்பும். அந்த வட்டாரத்தைத் தாண்டினால் ஊர்ச் சேனல் போய்விடும். இந்தியாவின் டிடிஎச் சேவைகள் அப்படி இல்லை. ஒரே அலைக்கற்றை கன்னியாகுமரியிலிருந்து லடாக் வரை விழுகிறது. சென்னை வீட்டில் பார்க்கிற அதே பேக்கேஜ், அதே சேனல் எண்ணோடு குவாஹாட்டியிலும் வரும்.

உங்கள் பெட்டிக்கும் அதன் கார்டுக்கும் தாம் எந்த ஊரில் இருக்கிறோம் என்று தெரியாது. சந்தா செல்லுபடியாகிறதா என்பதை மட்டும்தான் அவை பார்க்கும். ஊர் மாறியது தெரிவது டிஷ்ஷுக்குத்தான்.

டிஷ் ஏன் ஊருக்கு ஊர் மாற வேண்டும்?

டிடிஎச் செயற்கைக்கோள்கள் பூமத்திய ரேகைக்கு நேர் மேலே, தரையிலிருந்து சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கின்றன. பூமி சுழலும் அதே வேகத்தில் அவையும் சுற்றுவதால், கீழிருந்து பார்த்தால் வானத்தில் ஒரே புள்ளியில் ஆணியடித்து வைத்ததுபோல நிற்கும். அதனால்தான் வீட்டு டிஷ்ஷை ஒருமுறை பொருத்திவிட்டால் ஆண்டுக்கணக்கில் தொட வேண்டியதில்லை.

ஆனால் அந்தப் புள்ளி எங்கே தெரியும் என்பது நீங்கள் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. கோயில் கோபுரத்தைக் கிழக்கு வீதியிலிருந்து பார்த்தால் மேற்கே தெரியும், தெற்கு வீதியிலிருந்து பார்த்தால் வடக்கே தெரியும். கிட்டே போனால் அண்ணாந்து பார்க்க வேண்டும், தள்ளிப் போகப் போகத் தாழ்ந்து தெரியும். இங்கேயும் அதே கதைதான். தெற்கிலிருந்து வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் அடிவானத்தை நோக்கி இறங்கும். மேற்கிலிருந்து கிழக்கே போனால் அதன் திசை மாறும்.

எந்த நிறுவனம், எந்தச் செயற்கைக்கோள்?

எல்லா டிஷ்ஷும் ஒரே புள்ளியைப் பார்ப்பதில்லை. செயற்கைக்கோள் எந்தத் தீர்க்கரேகைக்கு மேலே இருக்கிறது என்பதுதான் அதன் முகவரி. முக்கியமானவை இவை:

- டாடா ப்ளே: 83 டிகிரி கிழக்கு
- டி2எச்: 88 டிகிரி கிழக்கு
- சன் டைரக்ட்: 91.5 மற்றும் 93.5 டிகிரி கிழக்கு
- டிடி ஃப்ரீ டிஷ்: 93.5 டிகிரி கிழக்கு (ஜிசாட்-15)
- டிஷ் டிவி: 95 டிகிரி கிழக்கு
- ஏர்டெல் டிஜிட்டல் டிவி: 108.2 டிகிரி கிழக்கு

நிறுவனங்கள் செயற்கைக்கோளை மாற்றுவதும் உண்டு. கிளம்புவதற்கு முன் உங்கள் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் ஒருமுறை கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு எண் கையில் இருந்தால்தான் அடுத்த கணக்கெல்லாம்.

ஊருக்கு ஊர் எவ்வளவு மாறும்?

டிஷ்ஷை வைக்க மூன்று கோணங்கள் தேவை.

முதலாவது திசை. வடக்கை 0 என்று வைத்துக் கடிகாரச் சுற்றாக எண்ண வேண்டும். கிழக்கு 90, தென்கிழக்கு 135, தெற்கு 180. இரண்டாவது ஏற்றம். அடிவானத்திலிருந்து எத்தனை டிகிரி மேலே பார்க்க வேண்டும் என்பது. 90 என்றால் நேர் உச்சி. மூன்றாவது, டிஷ்ஷுக்கு முன்னால் கம்பியில் நீட்டிக்கொண்டிருக்கும் எல்என்பி என்கிற சிறிய உருளையை எவ்வளவு திருகி வைக்க வேண்டும் என்பது.

93.5 டிகிரியில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளுக்கான கணக்கு, முழு எண்ணாக்கி:

- வாகமன்: திசை 119, ஏற்றம் 68, எல்என்பி திருப்பம் 59
- சென்னை: திசை 134, ஏற்றம் 68, எல்என்பி திருப்பம் 45
- ஹைதராபாத்: திசை 138, ஏற்றம் 63, எல்என்பி திருப்பம் 40
- புஜ் (கட்ச்): திசை 132, ஏற்றம் 52, எல்என்பி திருப்பம் 43
- டெல்லி: திசை 149, ஏற்றம் 52, எல்என்பி திருப்பம் 27
- குவாஹாட்டி: திசை 176, ஏற்றம் 59, எல்என்பி திருப்பம் 4
- லே: திசை 153, ஏற்றம் 47, எல்என்பி திருப்பம் 22

சென்னையையும் லேயையும் ஒப்பிட்டுப் பாருங்கள். திசையில் 19 டிகிரி, ஏற்றத்தில் 21 டிகிரி வித்தியாசம். 60 சென்டிமீட்டர் டிஷ்ஷின் பார்வை அகலமே சுமார் 3 டிகிரிதான். நடுவிலிருந்து ஒன்றரை டிகிரி விலகினாலே சிக்னல் பாதியாகிவிடும். டிஷ்ஷின் விளிம்பில் அளந்தால் அது முக்கால் சென்டிமீட்டர் நகர்வு! சென்னைக் கோணத்தை லேயில் அப்படியே வைத்தால் ஏன் படம் வராது என்பது இப்போது புரிந்திருக்கும்.

வேறு நிறுவனம் என்றால் மாற்றம் வேறு மாதிரி இருக்கும். 83 டிகிரி செயற்கைக்கோளுக்கு சென்னையில் டிஷ் தெற்கிலிருந்து கொஞ்சம் கிழக்கே பார்க்கும். திசை 168. அதே டிஷ் குவாஹாட்டிக்குப் போனால் தெற்கைத் தாண்டி மேற்குப் பக்கம் 199-க்குத் திரும்ப வேண்டும். ‘டிஷ்னா தென்கிழக்குதானே?’ என்று பழக்கத்தில் வைத்தால் அன்றைக்கு டிவி கிடையாது.

பலரும் மறப்பது எல்என்பி

திசையும் ஏற்றமும் சரியாக வைத்தும் படம் வராமல் தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது மூன்றாவது கோணத்தைத்தான்.

செயற்கைக்கோள் தன் அலைகளை இரண்டு வகையாக அனுப்புகிறது. ஒன்று படுக்கைவாட்டில் அதிரும், மற்றொன்று செங்குத்தாக அதிரும். இப்படிப் பிரித்தால் ஒரே அலைவரிசையில் இரு மடங்கு சேனல்களை அடைக்கலாம். எல்என்பி அந்த இரண்டையும் பிரித்து வாங்க வேண்டும். ஆனால் பூமி உருண்டை. செயற்கைக்கோளுக்குப் படுக்கைவாட்டாக இருப்பது நமக்குச் சாய்வாகத்தான் வந்து சேரும். அந்தச் சாய்வுக்கு ஏற்ப எல்என்பியும் சாய்ந்திருக்க வேண்டும்.

சென்னையில் 45 டிகிரி திருகி இருந்த எல்என்பி, டெல்லியில் 27 டிகிரிக்குக் குறைய வேண்டும். குவாஹாட்டியில் கிட்டத்தட்ட நேராகவே நிற்க வேண்டும். திருப்பாமல் விட்டால் இரண்டு வகை அலைகளும் கலந்து குழப்பும். சிக்னல் இருப்பதுபோலக் காட்டும், படம் மட்டும் வராது. அல்லது பாதி சேனல் வரும், மீதி வராது. வீட்டிலிருந்து கழற்றும் முன் எல்என்பி எந்த நிலையில் இருந்தது என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். பயணம் முழுக்க அந்தக் கோடுதான் உங்கள் அளவுகோல்.

வண்டியை எங்கே நிறுத்துவது?

டிடிஎச் அலைகளுக்கு வழியில் எதுவும் குறுக்கே நிற்கக் கூடாது. சுவர், மலை, மரம் எல்லாமே மறைக்கும். இலைகள்தானே என்று நினைக்க வேண்டாம். ஈரமான இலைகள் சிக்னலை நன்றாகவே உறிஞ்சிக்கொள்ளும்.

எவ்வளவு தள்ளி நிறுத்தினால் போதும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. செயற்கைக்கோள் இருக்கும் திசையில் 10 மீட்டர் உயர மரம் ஒன்று நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் அதற்கு 4 மீட்டர் தள்ளி டிஷ்ஷை வைத்தால் போதும், பார்வை மரத்துக்கு மேலே போய்விடும். லேயில் 9 மீட்டருக்கு மேல் தள்ள வேண்டும். எளிதாக நினைவில் வைக்க: தென்மாநிலங்களில் மரத்தின் உயரத்தில் பாதி தூரம், வடகோடியில் மரத்தின் உயரம் அளவுக்கே தூரம்.

வாகமன், வயநாடு பக்கம் ஏற்றக் கோணம் சாதகமாக இருந்தாலும், அடர்ந்து உயர்ந்த மரங்கள்தான் எதிரி. தோட்டத்துக்குள் நிழலாக இருக்கிறதே என்று வண்டியை விட்டால் டிவியை மறந்துவிடலாம். கட்ச் ரண் வெளிக்கு அந்தப் பிரச்சினையே இல்லை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மறைப்பே கிடையாது. இமயமலைப் பள்ளத்தாக்குகளில் தெற்கே செங்குத்தான மலைச்சுவர் இருந்தால், எவ்வளவு திருப்பினாலும் பயனில்லை. அங்கே இடத்தைத்தான் மாற்ற வேண்டும்.

டிஷ்ஷை வைப்பது எப்படி? படிப்படியாக

1. டிஷ்ஷை வண்டிக் கூரையில் வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் நடந்தாலே வண்டி ஸ்பிரிங்கில் ஆடும். ஒன்றரை டிகிரி ஆட்டம் போதும், படம் உறைந்துவிடும். தரையில் முக்காலி ஸ்டாண்டு வைத்து, அதன் காலில் தண்ணீர் கேன் ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள். காற்றுக்குச் சாயாது.

2. ஸ்டாண்டின் கம்பம் நேர் செங்குத்தாக நிற்கிறதா என்று கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம் போட்டுப் பாருங்கள். கம்பம் சாய்ந்திருந்தால் டிஷ்ஷின் அளவுகோல் காட்டுவதெல்லாம் தப்பாகிவிடும்.

3. மொபைலில் திசைகாட்டி செயலியைத் திறந்து, வண்டியிலிருந்து நான்கைந்து அடி அல்ல, பத்தடியாவது தள்ளி நின்று திசையைப் பாருங்கள். வண்டியின் இரும்பு திசைகாட்டியை ஏமாற்றும். செயற்கைக்கோளின் தீர்க்கரேகையைக் கொடுத்தால் நீங்கள் நிற்கும் இடத்துக்கான கோணங்களைக் காட்டும் இலவசச் செயலிகளும் உண்டு.

4. ஏற்றக் கோணத்தை டிஷ்ஷின் பின்பக்கத் தகட்டில் இருக்கும் அளவுகோலில் வையுங்கள். டிஷ்ஷின் முகத்தைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நம் வீட்டு டிஷ்களில் எல்என்பி நடுவில் இல்லாமல் கீழிருந்து நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் டிஷ் உண்மையில் பார்க்கும் கோணத்தைவிட அதன் முகம் இருபது டிகிரிக்கும் மேலாகத் தாழ்ந்து தெரியும். லேயில் டிஷ் கிட்டத்தட்ட நட்டுவைத்த தட்டுபோல நிற்பதாகத் தோன்றும். அதுதான் சரி.

5. பெட்டியை அணைத்துவிட்டுத்தான் கேபிளை மாட்ட வேண்டும். பெட்டியிலிருந்து எல்என்பிக்கு 13 அல்லது 18 வோல்ட் மின்சாரம் போகிறது. பின்னின் நடுக்கம்பி வெளிச்சுற்றில் உரசினால் பெட்டி பழுதாகலாம்.

6. டிவியைப் போட்டு, மெனுவில் சிக்னல் பக்கத்துக்குப் போங்கள். இரண்டு பட்டைகள் இருக்கும். ‘வலிமை’ பட்டையை நம்பாதீர்கள். டிஷ் வெறும் வானத்தைப் பார்த்தாலும் அது கொஞ்சம் காட்டும். ‘தரம்’ பட்டைதான் முக்கியம்.

7. ஏற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, டிஷ்ஷை இடவலமாக மிக மெதுவாகத் திருப்புங்கள். ஒரு டிகிரி திருப்பி, ஐந்து நொடி பொறுங்கள். பெட்டி சிக்னலைப் பிடித்துக் காட்ட அவ்வளவு நேரம் ஆகும். அவசரமாகத் திருப்புகிறவர்கள் சரியான இடத்தைத் தாண்டிப் போய்க்கொண்டே இருப்பார்கள். கிடைக்கவில்லையா? ஏற்றத்தை இரண்டு டிகிரி மாற்றி மறுபடியும் தொடங்குங்கள்.

8. தரம் ஏறியதும் எல்என்பியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, எந்த இடத்தில் அது உச்சத்தில் இருக்கிறதோ அங்கே நிறுத்தி நட்டை முறுக்குங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் ஆகலாம். நான்காவது ஊரில் பத்து நிமிடம்கூட ஆகாது.

செயலி எதுவும் இல்லாதபோது கைகொடுக்கும் ஒரு நாட்டு வழியும் உண்டு. பக்கத்துக் கிராமத்து மாடிகளை நிமிர்ந்து பாருங்கள். உங்கள் நிறுவனத்தின் டிஷ் ஏதாவது ஒரு வீட்டில் இருக்கும். அது எந்தப் பக்கம், எவ்வளவு நிமிர்ந்து பார்க்கிறதோ, அதையே காப்பி அடியுங்கள். எல்என்பியின் சாய்வையும் சேர்த்து. ஒன்று மட்டும் கவனம்: வேறு நிறுவனத்தின் டிஷ்ஷைப் பார்த்து வைத்தால் வேறு செயற்கைக்கோள்தான் கிடைக்கும்.

வண்டி ஓடும்போது பார்க்க முடியுமா?

வீட்டு டிஷ்ஷில் முடியாது. சாலையில் ஒரு வளைவு வந்தாலே டிஷ்ஷின் பார்வை செயற்கைக்கோளை விட்டு விலகிவிடும். ஓடும்போதே செயற்கைக்கோளைத் துரத்திப் பிடிக்கும் தானியங்கி ஆன்டெனாக்கள் கப்பல்களிலும் சொகுசுப் பேருந்துகளிலும் இருக்கின்றன. அவற்றின் விலை குடும்பப் பயணத்துக்குக் கட்டுப்படியாகாது.

டிஷ்ஷைப் பிரித்து உள்ளே வைக்காமல் வண்டியை எடுக்கவே கூடாது. கிராமச் சாலைகளில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பிகள் உண்டு. கூரையில் நிமிர்ந்து நிற்கும் உலோகத் தட்டு அதில் பட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அதேபோல, ஓட்டுபவரின் கண்ணில் படும் இடத்தில் டிவி திரை வேண்டாம்.

பேட்டரி தாங்குமா?

24 அங்குல எல்இடி டிவி சுமார் 30 முதல் 35 வாட் எடுக்கும். டிடிஎச் பெட்டியும் எல்என்பியும் சேர்ந்து 10 முதல் 15 வாட். மொத்தம் 50 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மணி நேரம் பார்த்தால் 200 வாட்-மணி. இன்வெர்ட்டரில் வீணாவதையும் சேர்த்தால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 20 ஆம்பியர்-மணி போகும்.

100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பாதியைத்தான் பயமில்லாமல் பயன்படுத்தலாம். அதற்கு மேல் இறக்கினால் பேட்டரியின் ஆயுள் குறையும். ஆக, டிவிக்கு மட்டும் என்றால் இரண்டரை மாலை தாங்கும். ஃபேன், விளக்கு, மொபைல் சார்ஜ் எல்லாம் சேர்ந்தால் ஒரு நாள்தான். லடாக் குளிரில் பேட்டரியின் திறன் இன்னும் குறையும். எதுவாக இருந்தாலும் வண்டியை ஸ்டார்ட் செய்யும் பேட்டரியில் டிவி ஓட்டாதீர்கள். காலையில் ‘தள்ளு தள்ளு’தான்.

பல பெட்டிகள் 12 வோல்ட் அடாப்டரில் ஓடுபவை. ‘வண்டியும் 12 வோல்ட்தானே’ என்று நேரடியாக இணைக்கத் தோன்றும். வேண்டாம். இன்ஜின் ஓடும்போது வண்டியின் மின்னழுத்தம் 14 வோல்ட்டைத் தாண்டும். நடுவில் 12 வோல்ட்டுக்கு நிலைப்படுத்தும் சிறிய கருவி ஒன்று கட்டாயம் வேண்டும்.

விதி என்ன சொல்கிறது?

பலரும் யோசிக்காத பக்கம் இது. டிடிஎச் இணைப்பு நீங்கள் பதிவு செய்த முகவரிக்குத்தான் தரப்படுகிறது. வேறு இடத்துக்கு மாற்றினால் தெரிவிக்க வேண்டும் என்பது நிறுவன ஒப்பந்தங்களில் பொதுவாக இருக்கும் நிபந்தனை. எனவே நீண்ட பயணம் என்றால் வாடிக்கையாளர் சேவையில் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரே வீட்டில் இரண்டு டிவிக்குச் சலுகை விலையில் தரும் கூடுதல் இணைப்பை எடுத்துப்போகலாமா? அந்தச் சலுகையே ‘ஒரே வீடு’ என்ற அடிப்படையில் வருவது. அந்தப் பெட்டியை மட்டும் தனியே ஊர் ஊராகக் கொண்டுபோவது நிபந்தனைக்கு முரணாகலாம். கேரவனை வாடகைக்கு விடும் தொழில் செய்பவர்களுக்கு வீட்டுச் சந்தா பொருந்தவே பொருந்தாது. வணிகப் பயன்பாட்டுக்கென்று தனிச் சந்தா உண்டு.

பெட்டியை வீட்டிலேயே விட்டுப் போகிறீர்களா? அப்படியானால் சேவையைத் தற்காலிகமாக நிறுத்தி வைக்கச் சொல்லிக் கேட்கலாம். பார்க்காத மாதத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024 ஜூலையில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, இணைப்பைப் பொருத்துவது, இடம் மாற்றுவது, தற்காலிகமாக நிறுத்துவது ஆகியவற்றுக்கான கட்டணத்தை நிறுவனங்களே நிர்ணயித்துக்கொள்ளலாம். அதனால் நிறுவனத்துக்கு நிறுவனம் தொகை மாறும். கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

இன்னொன்று: பல நாள் அணைந்தே கிடந்த பெட்டியைப் போட்டதும், சந்தா இருந்தும் சேனல் திறக்காமல் போகலாம். பயப்பட வேண்டாம். பெட்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, நிறுவனத்தின் செயலியிலோ எஸ்எம்எஸ்ஸிலோ ‘ரீஃப்ரெஷ்’ கொடுத்தால் வந்துவிடும்.

ஃப்ரீ டிஷ்ஷா, மொபைலா?

இவ்வளவு யோசிக்க வேண்டாம் என்பவர்களுக்கு பிரசார் பாரதியின் டிடி ஃப்ரீ டிஷ் ஒரு நல்ல வழி. 2004 டிசம்பரில் தொடங்கிய சேவை. மாதச் சந்தா இல்லை. பெட்டியும் டிஷ்ஷும் சேர்த்து ஏறக்குறைய 2,000 ரூபாய் ஒருமுறை செலவு, அவ்வளவுதான். சந்தா முகவரிப் பிரச்சினையும் இல்லை, வீட்டு டிஷ்ஷைக் கழற்றவும் வேண்டாம். டிடி தமிழ் கிடைக்கும். ஆனால் சந்தா கட்டிப் பார்க்கும் சேனல்கள் இதில் வராது. செய்தியும் தூர்தர்ஷனும் போதும் என்பவர்களுக்குச் சரி. ‘ராத்திரி எட்டு மணி சீரியல் பார்த்தே ஆகணும்’ என்று அம்மாவோ அத்தையோ கூட வந்தால் சரிப்பட்டு வராது.

‘மொபைல்லயே பார்த்துக்கலாமே?’ என்பது அடுத்த கேள்வி. நெடுஞ்சாலை ஓரங்களிலும் ஊர்களிலும் ஓடிடி போதும். ஆனால் ஹெச்டி தரத்தில் ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபிக்கு மேல் டேட்டா போகும். நான்கு மணி நேர மேட்ச்சில் அன்றைய டேட்டா தீர்ந்துவிடும். லடாக், ஜம்மு காஷ்மீர் போகிறவர்களுக்கு இன்னொரு தடை உண்டு. வெளிமாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். கோபுரம் இல்லாத இடத்தில் ஓடிடியும் இல்லை. டிஷ்ஷுக்கு அந்தக் கவலை இல்லை, திறந்த வானம் இருந்தால் போதும்.

ஆனால் டிஷ்ஷுக்கும் ஒரு பலவீனம் இருக்கிறது. மழை. டிடிஎச் அலைகளின் நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர்தான். கனமழையின் துளிகள் அவற்றை உறிஞ்சிச் சிதறடித்துவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையில் பருவமழைக் காலத்தில் பயணம் என்றால் படம் அடிக்கடி நின்றுபோவதை எதிர்பாருங்கள். டிஷ்ஷை எவ்வளவு துல்லியமாக வைக்கிறீர்களோ, அவ்வளவு மழையை அது தாங்கும். ‘படம் வந்துடுச்சு, போதும்’ என்று நிறுத்தாமல், தரம் பட்டை உச்சத்துக்குப் போகும்வரை திருப்பச் சொல்வது இதனால்தான்.

இடி மின்னல் தொடங்கினால் மேட்ச் எந்தக் கட்டத்தில் இருந்தாலும் சரி, பெட்டியின் பின்பக்கக் கேபிளைக் கழற்றிவிடுங்கள். திறந்த வெளியில் நிற்கும் உலோக டிஷ்ஷும், அதிலிருந்து வண்டிக்குள் வரும் கம்பியும் மின்னலுக்கு நல்ல வழி. இடி இறங்க ஆரம்பித்த பிறகு டிஷ்ஷைப் பிரிக்க வெளியே ஓடாதீர்கள். டிஷ்ஷை மறுபடி வாங்கிக்கொள்ளலாம்.

அப்போ, எடுத்துப் போகலாமா?

ஒரு வாரச் சுற்றுலா, ஒவ்வொரு இரவும் வேறு ஊர் என்றால் வேண்டாம். மாடியில் பொருந்தியிருக்கும் டிஷ்ஷைக் கழற்றினால், திரும்பி வந்ததும் வீட்டிலும் மறுபடி திருப்பி வைக்க வேண்டும். அந்தச் சிரமத்துக்கு மொபைலே மேல்.

ஓரிடத்தில் பத்து நாள், இருபது நாள் என்று தங்கித் தங்கிப் போகும் நீண்ட பயணம் என்றால் தாராளமாக யோசிக்கலாம். வீட்டு டிஷ்ஷைத் தொடாமல், பயணத்துக்கென்று ஒரு டிஷ், ஒரு எல்என்பி, ஒரு முக்காலி, 10 மீட்டர் கேபிள் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியை மட்டும் வீட்டிலிருந்து எடுத்துப்போங்கள். போர்வெல் வண்டியிலோ, ஊர் ஊராக மாறும் கட்டுமான வேலையிலோ மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் இருப்பவர்களுக்கும் இதே கணக்குதான் பொருந்தும்.

கிளம்பும் முன் வீட்டு வாசலிலேயே ஒருமுறை ஒத்திகை பாருங்கள். முக்காலியை நட்டு, கோணம் வைத்து, படத்தை வரவழையுங்கள். சொந்த ஊர்க் கோணத்தில் கை பழகிவிட்டால், லேயில் 19 டிகிரி திருப்பி 21 டிகிரி இறக்குவது பெரிய விஷயமே இல்லை. மேட்ச் தொடங்க அரை மணி நேரம் இருக்கும்போது கற்றுக்கொள்ள ஆரம்பித்தால்தான் கஷ்டம்.